ஈயவேலையும் வலைவேலையும்

எங்கள் வீட்டில் ஈயம் உருக்கினால் அதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மணமே போய்ச் சொல்லிவிடும். முதலில் நாய் எழும்பி ஒழுங்கைக்குப் போகும். பிறகு பக்கத்து வீட்டுக்காரி யன்னலைச் சாத்துவாள். கடைசியாக என் மனைவி சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு குசினியை விட்டு வெளியே வந்து, "இந்த மனுசனுக்கு உருக்க வேற இடமே கிடைக்கேல்லை" என்று ஒருவரையும் பார்க்காமல் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவாள். வேறு இடம் இருந்ததுதான். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் காற்று எழும்பினால் வெளியில் மூட்டிய நெருப்பு பக்கத்து வளவுக்குப் போய்விடும். குசினி அடுப்பு நின்று எரியும். அவ்வளவுதான் என் நியாயம். முப்பது வருடமாக அந்த நியாயத்தோடு நான் நிம்மதியாக இருந்தேன்.

நான் வீச்சுவலைக்காரன். கடலோரக் களப்பில் இறாலுக்கு வலை வீசுவேன். வீசாத நாட்களில் மற்றவர்களுக்கு வலை கட்டிக் கொடுப்பேன். வீச்சுவலையின் விளிம்பைச் சுற்றி ஈயமணி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வலை தண்ணீரில் விரிந்து மிதந்துகொண்டு கிடக்கும், இறால் அடியால் சிரித்துக்கொண்டு போய்விடும். ஈயத்தைப் பழைய இரும்புக்காரன் சாக்கில் கொண்டுவருவான். பற்றறித் தகடு, ரயர் கடையில் சில்லு ஆடாமல் ஓட அடித்துப் பிறகு கழற்றிய துண்டு, சிலவேளை மண்ணுக்குள்ளிருந்து பொறுக்கிய துவக்குச் சன்னத்தின் ஈயம். எங்கள் பக்கத்தில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் ஈயத்துக்கு வந்ததில்லை. "ஆளைக் கொல்ல வந்த சாமான் இப்ப இறால் பிடிக்குது" என்று ஈயம் உருகுகிற தாச்சிச் சட்டியைக் கிண்டிக்கொண்டே தத்துவம் பேசுவேன். கேட்பதற்கு நாய்கூட இருக்காது.

உருகினதைச் செங்கல்லில் வெட்டிய பள்ளத்தில் ஊற்றி, ஆறியதும் மெல்லிய கீலமாகத் தட்டி, சின்னத் துண்டுகளாக நறுக்குவோம். ஒவ்வொரு துண்டையும் விளிம்புக் கயிற்றைச் சுற்றி மடித்துப் பல்லால் ஒரு கடி. மணி மூடிவிடும். குறட்டாலும் மூடலாம், ஆனால் குறடு நூலை நசுக்கிவிடும். எங்கே நிறுத்தவேண்டும் என்று பல்லுக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் கரையில் வலை கட்டுகிறவர்கள் வாய்க்குள் ஐந்தாறு துண்டைப் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பார்கள், தையற்காரர் குண்டூசியைப் பல்லிடுக்கில் வைத்திருப்பதுபோல. அதோடு கதையும் நடக்கும்.

இதில் உருக்குவதற்குப் பெயர் ஈயவேலை. அது நெருப்பு வேலை, ஆம்பிளை வேலை, கண் எரிகிற வேலை. கடிப்பது வலைவேலை. அது பாயில் இருந்து செய்கிற வேலை, பெண்கள் பிள்ளைகள் எல்லாரும் செய்வது. இப்படிப் பிரித்து வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கரையில் பிறந்த ஒருவருக்கும் இரண்டும் ஒன்று என்று தோன்றியதில்லை.

மகளுக்கு முதல் பிள்ளை தங்கியிருந்த நேரம். மருமகன் கட்டாரில் நின்றார். மகள் மூன்றாம் மாதமே எங்களிடம் வந்துவிட்டாள். சத்தியெடுத்து முடிந்த நேரமெல்லாம் விறாந்தையில் ஒரு வலையை மடியில் போட்டுக்கொண்டு இருப்பாள். "சும்மா இருந்தால்தான் எனக்கு வயித்தைப் பிரட்டுது" என்பாள். எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எங்கள் பகுதிக் குடும்பநல மாது ஸ்கூட்டியில் வந்தார். கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மகளின் அட்டையைப் பார்த்து, வயிற்றைப் பார்த்து, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தண்ணி குடிக்கக் குசினிக்குள் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அடுப்படியில் இரண்டு தாச்சி பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது.

"இது என்ன தாச்சி?" என்று கேட்டார்.

"அது அவர் ஈயம் காய்ச்சிறது மிஸ்," என்றாள் என் மனைவி.

"அப்ப மற்றது?"

"அது அப்பளம் பொரிக்கிறது."

"இரண்டும் ஒரு மாதிரித்தானே இருக்கு. எப்பிடி அடையாளம் பிடிக்கிறனீங்கள்?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அவற்ற தாச்சி கொஞ்சம் பாரம் கூட," என்றாள்.

மிஸ் தண்ணி குடிக்கவில்லை. வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். ஈயப் புகை, ஈயத் தூசி, கையில் ஒட்டுகிற ஈயம், இவையெல்லாம் இரத்தத்துக்குப் போகும் என்றார். தாயின் இரத்தத்தில் இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும், அதன் மூளை வளர்கிற இடத்தில் போய் உட்காரும் என்றார். நான் விட்டுக்கொடுப்பேனா?

"நான் உருக்கி முடிய ஒரு பேணி பால் குடிக்கிறனான் மிஸ். ஈயம் கழண்டு போயிடும்."

"பாலை நீங்கள் குடிக்கிறியள். புகையை உங்கட மகள் குடிக்கிறா," என்றார் மிஸ். பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். "என்ர தகப்பனும் உருக்கினவர், எண்பது வயசு மட்டும் இருந்தவர்" என்றேன். அவர் கடைசிப் பத்து வருடம் கை நடுங்கித் தேத்தண்ணிப் பேணி பிடிக்கமாட்டாமல் இருந்ததைச் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக்கில் மகளிடம் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமையால் முடிவு வந்தது. இருக்கக்கூடாத அளவுக்கு மேலே இருந்தது. மிஸ் அந்தத் தாளை என்னிடம் தரவில்லை, மகளிடமும் தரவில்லை, என் மனைவியிடம் கொடுத்தார். மனைவி அதை வாசித்துவிட்டு என் தாச்சியைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பிறக்காத ஒரு பிள்ளைக்காக வந்த பயம். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, அதற்குள் அதன் மூளைக்கு நான் கெடுதல் செய்துவிட்டேனே என்று இருந்தது.

பயந்த மனுசன் என்ன செய்வான்? சட்டம் போடுவான். நானும் போட்டேன்.

உருக்குகிற இடத்தை வளவின் கோடிக்கு, காற்று வீட்டுப் பக்கம் திரும்பாத மூலைக்கு மாற்றினேன். நெருப்புக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்தேன். பற்றறித் தகட்டை இனி வாங்கமாட்டேன் என்று இரும்புக்காரனிடம் சொன்னேன், அதுதான் எல்லாவற்றிலும் கெட்டது என்று மிஸ் சொல்லியிருந்தார். உருகினதுக்கு மேலே மிதக்கிற கசடைக் கண்ட இடத்தில் தட்டாமல் மூடியுள்ள தகரப் பேணியில் போட்டேன். ஈயவேலைக்கு ஒரு சாரம், ஒரு சேட்டு. அவை வீட்டுக்குள் வரக்கூடாது. அவற்றுக்குத் தனி வாளி, தனிக் கொடி. வேலை முடிந்ததும் நேரே கிணற்றடி, தலையிலிருந்து கால்வரை சவுக்காரம், அதற்குப் பிறகுதான் வீட்டு வாசற்படி. வேலைக்கிடையில் தேத்தண்ணி இல்லை, வெற்றிலை இல்லை. குசினியைத் தும்புக்கட்டையால் கூட்டக்கூடாது, தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பழைய தாச்சிகள் இரண்டையும் எறிந்துவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கினேன், ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசினேன். பெட்டிக்கடையில் ஒரு மாஸ்க் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது தூசிக்குத்தான், புகையை மறிக்காது என்று மிஸ் சொன்னதால் அடுத்தநாள் அதை விட்டேன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பியாகிவிட்டது.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஞானம் வந்துவிட்டது. ஒழுங்கையில் போகிறவர்களை மறித்து ஈயத்தைப் பற்றிக் கதைத்தேன். யாராவது வீட்டில் புகை எழும்பினால் படலையில் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆட்கள் கோயில் முற்றத்தில் நிற்கையில், மீனவர் சங்கத் தலைவர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் இருபது நிமிடம் பேசினேன். "புகையைக் கண்டால் பிசாசைக் கண்டது மாதிரி விலகுங்கோ" என்றேன். பூசை வைத்த பாதர் தலையாட்டினார். வீட்டுக்கு வரும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

மகள் விறாந்தையில் இருந்தாள். "நல்லாக் கதைச்சீங்களாம் அப்பா" என்றாள். குரல் கொஞ்சம் அடைத்துத்தான் வந்தது, வாய்க்குள் மணி இருந்ததால். நான் பக்கத்தில் இருந்து வலையின் மற்றத் தலைப்பை எடுத்தேன். பெருநாளுக்கு முன்பு நாலு வலை கொடுக்கவேண்டியிருந்தது.

இரண்டாம் முறை இரத்தம் எடுத்தார்கள். முடிவில் ஈயம் குறைந்திருக்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முதலில் கொழும்பைத் திட்டினேன். எங்களுடைய இரத்தத்தை அங்கே யாருடையதோடு மாற்றினார்களோ என்றேன். பிறகு கிணற்றைச் சந்தேகப்பட்டேன். பிறகு தகரத்தில் அடைத்து வருகிற ரின்மீனை. பிறகு மருமகன் கட்டாரிலிருந்து அனுப்பிய முகக் கிறீமை. அதை மகள் அழ அழ எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றுக்குப் பின்னால் புதைத்தேன். பாவம், அது குற்றமில்லாதது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கடைசியாக என் மனைவியிடமே போனேன். "நீ ஒளிச்சு வைச்சுத் தும்புக்கட்டையால கூட்டுறியோ?" என்று கேட்டேன். அவள் ஈரத்துணியை என் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் நான்தான் துடைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிபோல மிஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நானும் மகளும் விறாந்தையில் வலையோடு இருந்தோம். மகள் மரியாதைக்கு எழும்பினாள். வாயில் கிடந்ததை உள்ளங்கையில் துப்பி எடுத்துவிட்டு, "வாங்கோ மிஸ், இருங்கோ" என்றாள். கையில் ஆறு துண்டு ஈயம், எச்சில் மினுங்கிக்கொண்டிருந்தது.

மிஸ் இருக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, இது எத்தினை நாளா?"

"எது மிஸ்?" என்றாள் மகள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். என் ஒழுங்குமுறைக்கு ஒரு குறை வந்துவிடுமோ என்று பயம். "மிஸ், ஈயவேலை முழுக்க அந்தக் கோடியிலதான். உடுப்பு, வாளி எல்லாம் புறிம்பு. வீட்டுக்குள்ள ஒண்டும் வாறேல்லை. இது வலைவேலை," என்றேன்.

மிஸ் மகளின் கையை விட்டு என் முகத்தைப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. என் வாய்க்குள்ளும் இரண்டு துண்டு கிடந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவ்வளவும் சொன்னேன்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மிஸ் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கதிரையை இழுத்து இருந்து, மெதுவாக, "பிழை என்னிலயும் இருக்கு ஐயா. நான் அடுப்பைப் பாத்தனான், வலையைக் கேக்கேல்லை" என்றார். அவர் உள்நாட்டில் வயல் ஊரில், வட்டக்கச்சியில் பிறந்தவர். வலைக்கு மணி எப்படி ஏறுகிறது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எங்களை யாராவது கேட்டிருந்தாலும் நாங்கள் சொல்லியிருக்கமாட்டோம். ஒளிப்பதற்கு அல்ல. நாங்கள் ஈயம் தின்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது.

அன்றே வலை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வெளிக் கொட்டிலுக்குள் போட்டேன். அடுத்த கிழமை மகளை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள், அங்கே இதைப் பார்க்க ஒரு பெரிய டொக்டர் இருந்தார். மனைவியும் வர நின்றாள். நான்தான் கூட்டிப்போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம் மகள் யன்னலோரம் இருந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் கதைத்தது முழுக்க மழையைப் பற்றித்தான்.

டொக்டர் அம்மா இளம் ஆள், அமைதியானவர். எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். மணியை வாயில் எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எச்சிலை விழுங்குவதா துப்புவதா என்றெல்லாம் கேட்டார். பிறகு கேட்டார், "எத்தினை வயசில இருந்து கடிக்கிறீங்கள்?"

மகள் யோசிக்கவே இல்லை. "கலியாணத்துக்குப் பிறகுதான் டொக்டர். இப்ப ஒரு வருசமா," என்றாள்.

டொக்டர் எழுதினார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் மேசையில் இருந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போதும் அவள் அப்படித்தான், ஏதாவது ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று விளங்கியது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் இருந்தும் விட்டேன். அந்த ஒரு நிமிடத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"இல்லை டொக்டர்," என்றேன். "அஞ்சு வயசில இருந்து."

"ஆர் குடுத்தது?"

"நான்தான்."

சொல்லத் தொடங்கியபிறகு நிற்கவில்லை. பால்பல்லுச் சின்னது, மணியை நசுக்காமல் அளவாக மூடும். அதை நான்தான் கண்டுபிடித்தேன். வலை வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் அவளை மடியில் இருத்தி, வாயில் ஒரு துண்டை வைத்து, "கடி பாப்பம்" என்பேன். அவள் கடிப்பாள். எல்லாரும் கைதட்டுவார்கள். எங்கள் வீட்டு வலைக்குத் தனி மவுசு இருந்தது, சின்னப் பிள்ளை கடித்த வலை என்று கேட்டு வாங்குவார்கள். பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றாமல் ஓடிவந்து இருப்பாள், கைதட்டு வாங்க. எனக்கு அப்போது எவ்வளவு சந்தோசம்.

டொக்டர் எழுதினதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். பிறகு விளக்கினார். இவ்வளவு காலமும் போன ஈயம் எலும்பில் போய்ச் சேர்ந்திருக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பு கட்டத் தொடங்கும்போது தாயின் எலும்பிலிருந்து சத்தை எடுக்கும். அதோடு ஈயமும் கரைந்து வரும்.

"அப்ப நான் அடுப்பை மாத்தினது, உடுப்பை மாத்தினது எல்லாம்?"

"அதுவும் வேணும்தான் ஐயா. இனி உள்ள போறதை அது குறைக்கும்."

"உள்ள இருக்கிறதை எப்பிடி எடுக்கிறது?"

"எடுக்கேலாது. கரையிறதைக் குறைக்கலாம். கல்சியம் குளிசை தாறன், விடாமல் போடோணும். பால் குடிக்கோணும். நெத்தலியை முள்ளோட சாப்பிடச் சொல்லுங்கோ."

திரும்பி வருகிற பஸ்ஸில் மகள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏனப்பா சொன்னனீங்கள்?"

"நீ ஏன் பொய் சொன்னனீ?"

"அந்த டொக்டர் உங்களை ஒரு மாதிரிப் பாப்பா எண்டு நினைச்சன்."

"பாத்தவாதானே."

"ஓம்," என்றாள். "நல்லாப் பாத்தவா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன், நடத்துநர் என்னவோ ஏதோ என்று பார்த்தார்.

மிச்ச மாதங்களில் நான் நெத்தலி வாங்காத நாள் இல்லை. வலை வீசுகிறவன் மற்றவனிடம் மீன் வாங்குகிறான் என்று கரையில் பகிடி. மணியைக் குறட்டால்தான் மூடினேன், குறட்டின் வாய்க்கு ரியூப் றப்பர் சுற்றி, கையுறை போட்டு, கொட்டிலுக்குள் இருந்து. என் வலை முன்னைப்போல இல்லை என்று இரண்டு பேர் திருப்பித் தந்தார்கள். கோயில் முற்றத்தில் இன்னொருமுறை பேசக் கேட்டேன். புகையைப் பற்றிப் பேசியபோது தலையாட்டியவர்கள், பல்லைப் பற்றிப் பேசியபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் எல்லாரும் விசரரோ?" என்று ஒருவர் கேட்டார். என் மனைவிதான் பின்னாலிருந்து, "ஓம்" என்றாள்.

பிள்ளை வவுனியாவில் பிறந்தது. பெண்பிள்ளை. தொப்புள்கொடியை வெட்டும்போதே அதிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து மிஸ் தாளோடு வந்தார். தூரத்திலேயே முகத்தில் சிரிப்பு. பயந்த அளவுக்கு இல்லை, தாயினுடையதை விடக் குறைவு, நல்லாச் சாப்பிட்டதால்தான் இவ்வளவு குறைவு, இடைக்கிடை இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். மனைவி கைகூப்பினாள். மகள் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் தேத்தண்ணி போட்டார்கள்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். குறைவுதான். ஆனால் இல்லை என்று எழுதியிருக்கவில்லை. ஒரு எண் இருந்தது. அது பிறந்த அந்த நிமிடத்து இரத்தம். எங்கள் வீட்டுக் காற்றை அந்தப் பிள்ளை ஒரு மூச்சுக்கூட இழுத்திருக்கவில்லை, எங்கள் முற்றத்தில் ஒரு விரல்கூட வைத்திருக்கவில்லை. அதற்குள் என் பங்கு அதற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன்னர் கைதட்டிக் கொடுத்தது.

"இந்தாங்கோ அப்பா, பிள்ளையைப் பிடியுங்கோ," என்று மகள் நீட்டினாள். பிறகு ஒரு கணம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கை கழுவினனீங்கள்தானே?" என்று கேட்டாள்.

கழுவித்தான் இருந்தேன், சவுக்காரம் போட்டு, இரண்டு தரம். திரும்பவும் கிணற்றடிக்குப் போனேன்.